பெல்லட் பேட்ச் டெஸ்ட்: 5 ஷாட் குரூப்பை நம்பி டின் வாங்கலாமா?

தேவனாம்பட்டினம்_10மீ (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 4.5 மி.மீ., 200 பார் சிலிண்டர் வகை. 60 ஷாட்டுக்குத் தசமக் கணக்கில் (ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9) 594–598 வருகிறது. மாநிலப் போட்டிக்கு முன்னால் ஒரே பேட்சில் (ஒரே தடவையில் தயாரான பெல்லட், அதாவது ஈயக் குண்டு) மொத்தமாக டின் வாங்கி வைக்க வேண்டும். அதற்காக ஆறு டின் எடுத்து டெஸ்ட் செய்தேன். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 மேட்ச் 0.53 கிராம், தலை அளவு (குண்டின் முன்பகுதி விட்டம், மி.மீ.) 4.49, 4.50, 4.51. எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் ரைஃபிள், அதே மூன்று அளவு.

தோளில் வைத்து, டின்னுக்கு ஒரு 5 ஷாட் குரூப் (ஒரே குறியில் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்). வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்ததில் ஆர்10 4.50 தான் முதலிடம், 7.9 மி.மீ. மற்றதெல்லாம் 8.6-லிருந்து 11 வரை. மறுநாள் அதே ஆறு டின், அதே வரிசை. இந்த முறை 4.50 கடைசி, 10.8. முதல் நாள் கடைசியாக இருந்த ஃபினாலே மேட்ச் 4.49 முதலிடம். சிலிண்டர் இரண்டு நாளும் 150 பாருக்கு மேல்தான் இருந்தது.

என் கேள்விகள்: எத்தனை ஷாட் போட்டால் முடிவை நம்பலாம்? துப்பாக்கியை வைஸில் (இறுக்கிக் கவ்வும் கருவியில்) பிடித்துத்தான் சுட வேண்டுமா? குண்டை எடை போட்டுப் பிரிப்பதில் பயன் உண்டா? வெளிநாட்டுக்காரர்கள் பெரிய ரைஃபிளுக்குத் தோட்டாவைக் கையால் லோட் செய்து, பவுடர் அளவைப் படிப்படியாக ஏற்றி டெஸ்ட் செய்கிறார்களே, அந்த முறையில் நமக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

---

ஈயமும்_காகிதமும் (புதுச்சேரி)

தம்பி, உங்கள் இரண்டு நாள் முடிவும் தப்பில்லை, ஆனால் இரண்டுமே பெல்லட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஷாட்டுகள் மையத்தைச் சுற்றிச் சிதறுவதை ஒரே எண்ணில் சொல்ல சிக்மா என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டத்தில் எவ்வளவு, செங்குத்தில் எவ்வளவு என்ற திட்ட விலக்கம், இரண்டும் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல பேட்சை நல்ல பேரலில் வைஸில் பிடித்துச் சுட்டால் சிக்மா 0.3 மி.மீ. அளவில் வரும். பேரலுக்கு ஒத்து வராத பேட்ச் 0.6 காட்டும். இப்போது உங்கள் ஸ்கோரைப் பாருங்கள். 10 மீட்டர் டார்கெட்டில் மையத்திலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி போகும். 596 என்றால் ஷாட்டுக்குச் சராசரி 9.93, அதாவது உங்கள் ஷாட்டுகளின் சராசரி விலகல் 2.5 மி.மீ. அளவு, சிக்மா ஏறக்குறைய 2.0. இதில் பெரும் பங்கு உங்கள் பிடி, குறி, டிரிகர்.

சிதறல்களை நேராகக் கூட்ட முடியாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உங்களுடைய 2.0-வோடு நல்ல பேட்சின் 0.3 சேர்ந்தால் 2.02. மோசமான பேட்சின் 0.6 சேர்ந்தால் 2.09. வித்தியாசம் 3 சதவீதம். இந்த 3 சதவீதத்தைத் தோளில் வைத்துச் சுட்டுக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு பேட்சுக்கும் 2,000 ஷாட்டுக்கு மேல் வேண்டும். நாலு டின்னுக்கு மேல் காலி செய்து ஒரு டின்னைப் பற்றித் தெரிந்துகொள்வதில் அர்த்தமில்லை. ஆகவே வைஸ் கட்டாயம்.

அப்படியானால் பெல்லட் முக்கியமில்லையா என்று நினைக்க வேண்டாம். அந்த 0.3-க்கும் 0.6-க்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு 60 ஷாட்டில் 2 புள்ளி. 620 சுடுகிறவருக்கு 3 புள்ளிக்கு மேல். சுடுகிறவர் மேலே போகப் போக பெல்லட்டின் பங்கு பெரிதாகும். மாநிலப் போட்டியில் தகுதிக் கோட்டுக்குப் பக்கத்தில் 2 புள்ளி என்பது சின்ன விஷயம் இல்லை.

இனி எத்தனை ஷாட் என்பது. குரூப் அளவு என்று நாம் அளப்பது மிகத் தொலைவில் விழுந்த இரண்டே ஷாட்டை. மற்ற மூன்று ஷாட் சொல்லும் தகவல் வீண். அதனால்தான் 5 ஷாட் குரூப் அவ்வளவு ஆடுகிறது. பேட்ச் மாறாமல், பேரல் மாறாமல், வைஸில் வைத்தே சுட்டாலும் ஒரு 5 ஷாட் குரூப்பும் அடுத்ததும் நாலில் ஒரு பங்கு வரை வேறுபடுவது சாதாரணம். 10 ஷாட் குரூப் ஐந்தில் ஒரு பங்கு ஆடும். இன்னொன்று: 5 ஷாட் குரூப்பையும் 10 ஷாட் குரூப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஷாட் கூடக் கூட குரூப் தானாகவே விரியும், 5-லிருந்து 10-க்குப் போனால் சராசரியாக 1.24 மடங்கு. டின்னோடு வரும் விளம்பரத்தில் இருக்கும் 5 ஷாட் குரூப்பைப் பார்த்து உங்கள் 10 ஷாட் குரூப் பெரிதாக இருக்கிறதே என்று கவலைப்படுவது இதனால்தான்.

நான் பரிந்துரைக்கும் முறை இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஒவ்வொரு டின்னிலும் இரண்டு 10 ஷாட் குரூப். கண்ணுக்கே தெரிகிற மாதிரி மோசமானவற்றை மட்டும் கழித்துவிடுங்கள், முதலிடம் யாருக்கு என்று இப்போது பார்க்க வேண்டாம். மிஞ்சுகிற இரண்டு மூன்று டின்னுக்கு இன்னும் நாலு நாலு குரூப். ஆறு குரூப்பின் சராசரியில் தவறு 8 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். அப்படியும் இரண்டு டின்னுக்கு இடையே 20 சதவீதத்துக்குக் குறைவான வித்தியாசம் வந்தால் அவை சமம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எது அதிகமாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம்.

வரிசை ரொம்ப முக்கியம். ஏ, பி, சி என்று சுட்டால் திரும்பி வரும்போது சி, பி, ஏ என்று சுடுங்கள். வைஸ் மெல்ல நகர்ந்தாலும், பேரல் அழுக்கானாலும், அதன் பாரம் எல்லா டின் மேலும் ஒரே மாதிரி விழும். முதலிலும் கடைசியிலும் ஏற்கெனவே நடத்தை தெரிந்த ஒரு பழைய டின்னில் ஒரு குரூப் போடுங்கள். அது கெட்டுப்போயிருந்தால் அன்றைய டெஸ்ட் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

டின் மாற்றும்போது முதல் 15–20 ஷாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்காரரும் குண்டின் மேல் பூசுவது வேறு, ஈயக் கலவையும் வேறு. பழைய பூச்சு போய்ப் புதியது பேரலில் படிய அவ்வளவு ஷாட் ஆகும். உங்கள் டெஸ்டில் டின்னுக்கு 5 ஷாட் மட்டுமே. அந்த ஐந்துமே முந்தைய டின்னின் பூச்சு மேல் போயிருக்கிறது.

---

லேத்_பட்டறை (தட்டாஞ்சாவடி, புதுச்சேரி)

வைஸ் பற்றி நான் சொல்கிறேன். கடையில் வாங்கும் பெஞ்ச் வைஸில் துணியைச் சுற்றி ஸ்டாக்கை (தோளில் வைக்கும் கட்டையை) கவ்வினால் வேலைக்கு ஆகாது. கணக்கைப் பாருங்கள்: பிடி நீளம் 300 மி.மீ. என்றால், அதில் ஒரு முனை 3 மைக்ரான் நகர்ந்தாலே 10 மீட்டரில் 0.1 மி.மீ. விலகும். தலைமுடியின் தடிமன் 50-லிருந்து 100 மைக்ரான். ஆக நாம் பிடிக்க நினைப்பது முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு.

அடித்தளம் தரையோடு சேர்ந்த கான்கிரீட் மேடையாக இருக்க வேண்டும். மாடியில் உள்ள ரேஞ்ச் என்றால் யாராவது நடந்தாலே ஆடும். மேடை மேல் 12 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு, நாலு மூலையிலும் ஆங்கர் போல்ட். நாலு போல்ட் போட்டாலும் தகடு மூன்று இடத்தில்தான் உட்கார வேண்டும். அதற்கு அடியில் மூன்று வாஷரைக் கொடுத்து, நாலாவது போல்ட்டை லேசாக மட்டும் இறுக்குங்கள். நாலு காலில் உட்கார்ந்தால் வெப்பத்தில் தகடு முறுக்கிக்கொள்ளும்.

கவ்வ வேண்டியது ஸ்டாக்கை அல்ல, பேரலும் லிவரும் பூட்டியிருக்கும் இயந்திரப் பகுதியான ஆக்‌ஷனை. ஸ்டாக்கிலிருந்து கழற்றி ஆக்‌ஷனை மட்டும் பிடிப்பதுதான் சுத்தமான வழி. கழற்றினால் திரும்பப் பூட்டும்போது மேனுவலில் கொடுத்த டார்க் அளவுக்கே இறுக்குங்கள், அலன் கீயில் கை உணர்வை நம்பாதீர்கள். கழற்ற விருப்பமில்லை என்றால் அலுமினிய ஸ்டாக்கின் அடி ரெயிலைப் பிடிக்கலாம், ஆனால் முதலில் ஆக்‌ஷன் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பேரலையோ அதன் மேல் உறையையோ எக்காரணம் கொண்டும் கவ்வாதீர்கள். சிலிண்டர் மேலும் எந்தப் பாரமும் வரக் கூடாது.

தாடைக்கு நைலான் கட்டை, 10 மி.மீ. தடிமன், பிடிக்கும் பகுதியின் வடிவத்துக்கு மில்லிங்கில் வெட்டியது. ரப்பர் வேண்டாம், அது ஒவ்வொரு ஷாட்டுக்கும் அமுங்கி வேறு இடத்தில் திரும்பி வரும். தோலும் அப்படித்தான், ஈரப்பதம் ஏறினால் தடித்துப்போகும்.

பூட்டியதும் முதல் 5 ஷாட் தாடை உட்கார்வதற்கு. அவற்றை அளக்காதீர்கள். லோட் செய்யும்போது லிவரை ஒரே விசையில் திறந்து மூடுங்கள், துப்பாக்கி அசைவதற்குப் பெரும்பாலும் காரணம் டிரிகர் இல்லை, இந்த லிவர்தான். ஜன்னல் வெயில் தகட்டின் ஒரு பக்கம் விழுந்தால் அந்தப் பக்கம் விரிந்து குரூப் மெல்ல ஒரு திசையில் இழுத்துக்கொண்டே போகும். காலை ஒன்பது மணிக்கு மேல் கிழக்கு ஜன்னலுக்குத் திரை போடுங்கள். பக்கத்தில் கம்ப்ரெஸர் ஓடினால் நிறுத்திவிட்டுச் சுடுங்கள்.

---

தேவனாம்பட்டினம்_10மீ

அண்ணா, கணக்கு தெளிவாகப் புரிந்தது, நன்றி. இரண்டு சந்தேகம். பத்து ஷாட்டும் ஒரே ஓட்டையாகப் போனால் எதை அளப்பது? அளவில் 4.5-ஐக் கழித்தால் சரியா? அப்புறம் ஒரே ஒரு ஷாட் தள்ளிப்போனால் அதை விட்டுவிட்டு மீதி ஒன்பதை அளக்கலாமா?

---

ஈயமும்_காகிதமும்

4.5-ஐக் கழிக்காதீர்கள். காகிதம் குண்டின் முழு அளவுக்குக் கிழியாது, கொஞ்சம் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது அட்டையைப் பொறுத்தது, நம் ஊர் மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுத்துவிட்டால் இன்னும் மாறும். அதே அட்டையின் மூலையில் தனியாக ஒரு ஷாட் போட்டு அந்த ஓட்டையை அளந்து, அதைக் கழியுங்கள். ஓட்டையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஈயக் கறை வளையம் இருக்கும், அதன் வெளி ஓரம் வரை அளங்கள், தனி ஓட்டையிலும் அதே ஓரம். அட்டைக்குப் பின்னால் இன்னொரு தடித்த அட்டையை ஒட்ட வைத்தால் விளிம்பு சுத்தமாக வெட்டும். டிஜிட்டல் வெர்னியர் போதும், ஆனால் அதன் கூர்முனையால் காகிதத்தை அழுத்திவிடாதீர்கள்.

சிக்மா 0.3 உள்ள பேட்ச் 10 ஷாட்டில் மையத்துக்கு மையம் சராசரியாக 1.1 மி.மீ. வரும். 0.6 உள்ளது 2.3. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் ஆறு டின்னும் பெரும்பாலும் நிற்கும்.

எலெக்ட்ரானிக் டார்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு ஷாட்டின் எக்ஸ், ஒய் மதிப்பையும் எடுத்து எக்செல்லில் போடுங்கள். எக்ஸ் சராசரி, ஒய் சராசரி, இரண்டும் சேர்ந்து குரூப்பின் மையம். அங்கிருந்து ஒவ்வொரு ஷாட்டின் தூரம், அந்தத் தூரங்களின் சராசரி. இதில் பத்து ஷாட்டும் பேசும், இரண்டு ஷாட் மட்டும் இல்லை. அதே நம்பகத்துக்குக் குறைவான குண்டு போதும். ஸ்கோரைக் கூட்டி ஒப்பிடாதீர்கள், வைஸ் மையத்துக்குச் சரியாகக் குறி வைத்திருக்காது, அதனால் நல்ல பேட்சும் 9.8 காட்டும்.

தள்ளிப்போன ஷாட்டை நீக்கவே கூடாது. போட்டியில் அதுவும் ஸ்கோரில் ஏறும். நீக்க ஒரே ஒரு நியாயம் உண்டு: சுடுவதற்கு முன்னாலேயே கோளாறு தெரிந்திருக்க வேண்டும், உதாரணமாகக் குண்டின் பாவாடை (விரிந்த பின்பகுதி) நசுங்கியிருப்பதை லோட் செய்யும்போதே பார்த்தது. சுட்ட பிறகு காரணம் தேடக் கூடாது.

குரூப்பின் வடிவத்தையும் படியுங்கள். மேலிருந்து கீழாக நீண்டிருந்தால் வேகம் ஆடுகிறது, பெல்லட்டைக் குறை சொல்வதற்கு முன் ரெகுலேட்டரையும் (சிலிண்டர் காற்றை ஒரே அழுத்தத்தில் விடும் பாகம்) சிலிண்டர் அழுத்தத்தையும் பாருங்கள். 10 மீட்டரில் வேகம் 1 மீ/வி மாறினால் ஏறத்தாழ 0.2 மி.மீ. ஏறி இறங்கும். நல்ல மேட்ச் ரைஃபிள் பத்து ஷாட்டில் 3 மீ/வி எல்லைக்குள் நிற்கும், அதிலேயே 0.6 மி.மீ. போய்விடுகிறது. இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழுந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது குண்டு சில சமயம் முழுதாக உட்காரவில்லை. ஒரு திசையில் வரிசையாக நகர்ந்தால் லேத் பட்டறை சொன்ன மாதிரி தகடோ தாடையோ நகர்கிறது.

சிலிண்டரை ஒரு டெஸ்டில் 180-க்கும் 100-க்கும் நடுவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் கைப்பம்பில் நிரப்புபவர்கள் கடல் ஈரத்தையும் சேர்த்து உள்ளே அனுப்புகிறார்கள், ரெகுலேட்டர் உள்ளே துரு வரும். புதுச்சேரியில் டைவிங் சென்டர்கள் இருப்பது நமக்கு வசதி. மூச்சுக்காற்று என்பதால் அவர்கள் வடிகட்டி உலர்த்தித்தான் நிரப்புகிறார்கள். டேங்கை அங்கே நிரப்பி, அதிலிருந்து ரைஃபிள் சிலிண்டருக்கு ஏற்றுங்கள். மெதுவாக ஏற்றுங்கள், வேகமாக ஏற்றினால் சூடாகி, ஆறியதும் மீட்டர் இறங்கி நிற்கும்.

---

மில்லிகிராம் (நெல்லிக்குப்பம்)

எடை பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆன்லைனில் கிடைக்கும் 0.01 கிராம் தராசில் பெல்லட்டைப் பிரிக்கவே முடியாது. 0.53 கிராமில் 0.01 என்பது 2 சதவீதம், தராசின் ஒரு படியே நாம் தேடும் வித்தியாசத்தைவிடப் பெரிது. நகைக்கடையில் உள்ளது போல 0.001 கிராம் காட்டும், கண்ணாடி மூடி உள்ள தராசு வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும்.

அப்படி அளந்தாலும் கிடைப்பது குறைவு. குண்டு 0.005 கிராம், அதாவது 1 சதவீதம் கனமாக இருந்தால், ஆற்றல் மாறாத நிலையில் வேகம் அரை சதவீதம் குறையும். 170 மீ/வி-யில் அது 0.85 மீ/வி. டார்கெட்டில் 0.2 மி.மீ.-க்கும் கீழே. நல்ல மேட்ச் டின்னில் பெரும்பாலான குண்டுகள் அந்த 1 சதவீதத்துக்குள்ளேயே இருக்கும். அந்த நேரத்தில் பாவாடையைப் பாருங்கள். டின்னைத் தட்டில் கவிழ்த்துக் கொட்டும்போதும், பைக் பெட்டியில் குலுங்கும்போதும் விளிம்பு நெளியும். நெளிந்த பாவாடையின் வழியே காற்று ஒரு பக்கம் முன்னால் கசியும், குண்டு சாய்ந்து கிளம்பும். ஒளிக்கு எதிரே வாயைப் பார்த்தால் வட்டம் கெட்டிருப்பது தெரியும். அவற்றைப் பயிற்சிக்கும் வைக்காமல் பழைய ஈயம் சேர்க்கும் டப்பாவில் போடுங்கள்.

தலை அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 4.50 தான் பேரலுக்கு நல்லது, 4.52 இறுக்கமாக இருக்கும், அதனால் நல்லது என்றெல்லாம் ரேஞ்சில் பேசுவார்கள். பேரலுக்குப் பேரல் மாறும். ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் நம்பரில்கூட மாறும். இன்னொருவரின் டெஸ்ட் முடிவைக் கடன் வாங்காதீர்கள்.

குண்டைக் கழுவி எண்ணெய் போடச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. மேட்ச் பெல்லட்டுக்கு வேண்டவே வேண்டாம், எண்ணெயின் அளவு குண்டுக்குக் குண்டு மாறி வேகத்தைக் கெடுக்கும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ, பஜ்ஜி தொடாதீர்கள், குழந்தைகள் வரும் கிளப் என்றால் இதைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். டின்னில் உள்ள தூளை வாயால் ஊதுவதும் கூடாது, அது ஈயத் தூள்.

---

நெய்வேலி_50 (நெய்வேலி)

கையால் லோட் செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் 50 மீட்டர் .22 பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் சட்டம். தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் உரிமம் தேவைப்படும் வேலை, வீட்டு மேசையில் செய்து பார்க்கும் விஷயம் இல்லை. அது போக .22 ரிம்ஃபயரில் அது நடக்கவும் நடக்காது. பெரிய ரைஃபிள் தோட்டாவின் அடி நடுவில் பிரைமர் தனியாக உட்காரும், கழற்றிப் புதிது போடலாம். .22-ல் பற்றவைக்கும் மருந்து கேஸின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும், ஊசி அந்த விளிம்பை நசுக்கியதும் கதை முடிந்தது. ஆகவே உலகம் முழுக்க .22 சுடுகிறவர்கள் நம்மைப் போலத்தான், லாட்டை (தோட்டாவின் பேட்சை) மாற்றி மாற்றிச் சுட்டு, பிடித்ததை மொத்தமாக வாங்குகிறார்கள். எலே கம்பெனி இங்கிலாந்தின் பர்மிங்காம் பக்கத்திலும், லாபுவா ஜெர்மனியின் ஷோனெபெக்கிலும் இதற்கென்றே டெஸ்ட் ரேஞ்ச் நடத்துகின்றன. துப்பாக்கியைக் கொண்டுபோய் லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்துத் தேர்வு செய்யலாம்.

கையால் லோட் செய்பவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. அவர்கள் பவுடரை மாற்றினால் குண்டையும் உட்காரும் ஆழத்தையும் தொட மாட்டார்கள். தம்பி ஒரே நாளில் பிராண்டையும் தலை அளவையும் சேர்த்து மாற்றியிருக்கிறார். எடுத்துக்கொள்ளக் கூடாததும் ஒன்று உண்டு. பவுடரைப் படிப்படியாக ஏற்றி, படிக்கு ஒன்று இரண்டு ஷாட் சுட்டு, எங்கே ஷாட்டுகள் ஒட்டி விழுகின்றனவோ அதுதான் நல்ல அளவு என்று முடிவு கட்டுவார்கள். ஈயமும் காகிதமும் மேலே சொன்ன அதே கோளாறு அதிலும் உண்டு. இரண்டு ஷாட் தற்செயலாகவே ஒட்டி விழும். அதையே மறுபடி சுட்டால் அந்த நல்ல அளவு வேறு படிக்கு ஓடிவிடும்.

யாராவது .22 லாட் டெஸ்ட் செய்வதாக இருந்தால் நம் கடற்கரைக்கு ஒரு எச்சரிக்கை. 50 மீட்டரில் 1 மீ/வி குறுக்குக் காற்று குண்டை 5–7 மி.மீ. தள்ளும். 10 வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. காலையில் வெயில் ஏறிய பிறகு கடல் காற்று எழும்பிவிடும், அதற்கு மேல் சுட்டால் நீங்கள் அளப்பது காற்றை. விடிந்ததும் ஆரம்பித்து எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். வேகம் 10 மீ/வி மாறினால் செங்குத்தில் 7–8 மி.மீ. வரும், அதனால் கிடைமட்டத்தையும் செங்குத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். செங்குத்து மட்டும் விரிந்தால் லாட் மேல் சந்தேகம், கிடைமட்டம் விரிந்தால் காற்று. இ.சி.ஆர். வெயிலில் நிறுத்திய காரில் தோட்டாப் பெட்டியை விட்டுவிடாதீர்கள், குண்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சு இளகி ஒரு பக்கம் இறங்கிவிடும்.

---

தேவனாம்பட்டினம்_10மீ

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யப் போகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். முதலில் ஆர்10 மட்டும், மூன்று தலை அளவு. ஒவ்வொன்றுக்கும் 20 ஷாட் பேரலுக்கு, பிறகு 10 ஷாட் குரூப் ஒன்று, 4.49, 4.50, 4.51 என்று போய் அதே வழியில் திரும்பி வருவது. மறுநாள் அதே மாதிரி ஃபினாலே மேட்ச். இரண்டு நாளும் ஆரம்பத்திலும் முடிவிலும் பழைய டின்னில் ஒரு குரூப். டெஸ்டுக்கு முன்னால் பேரலை ஃபெல்ட் (உள்ளே துடைக்கும் கம்பளித் துண்டு) போட்டுச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்கலாமா? தேர்வான பிறகு எத்தனை டின் வாங்குவது, கடலூர் ஈரத்தில் எப்படி வைப்பது?

---

ஈயமும்_காகிதமும்

திட்டம் சரி. திரும்பி வரும்போதும் டின் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஷாட் ஒதுக்க மறக்காதீர்கள். பிராண்ட் ஒன்றே என்பதால் அங்கே 10 போதும்.

ஃபெல்ட் போடுவதானால் முந்தின நாளே போட்டுவிடுங்கள், பின்பக்கத்திலிருந்து மூன்று நாலு, கடைசி ஃபெல்ட் வெளுப்பாக வரும் வரை. சுத்தமான பேரல் உடனே நிலைக்கு வராது, 20 ஷாட்டாவது போட்டு வையுங்கள். டெஸ்ட் நடுவில் சுத்தம் செய்யவே வேண்டாம், அதற்கு முன்னும் பின்னும் சுட்டதை ஒப்பிட முடியாமல் போகும்.

எத்தனை டின் என்பது எளிய கணக்கு. போட்டிக்கும் அதற்கு முந்தைய இரண்டு மாதப் பயிற்சிக்கும் மட்டும் இந்த பேட்ச். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 80 ஷாட், எட்டு வாரம் என்றால் 3,200. போட்டிக்கும் சைட்டர்களுக்கும் (ஸ்கோரில் சேராத, குறி சரிபார்க்கும் ஷாட்டுகள்) சேர்த்து 4,000 என்று வையுங்கள், 500 குண்டு டின்னில் எட்டு. விற்பவரிடம் பிராண்டும் தலை அளவும் சொன்னால் போதாது, டின்னில் ஒட்டியிருக்கும் பேட்ச் எண்ணைச் சொல்லி அதே எண்தான் வேண்டும் என்று கேளுங்கள். டெஸ்ட் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பேட்சிலும் எத்தனை டின் கையிருப்பு என்று விசாரித்துவிடுங்கள், இரண்டே டின் மிச்சமிருக்கும் பேட்சை டெஸ்ட் செய்வது வீண் வேலை. வந்ததும் ஒரு டின்னைத் திறந்து வைஸில் இரண்டு 10 ஷாட் குரூப் போட்டு, பழைய முடிவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

---

மில்லிகிராம்

வைப்பது பற்றி: மர அலமாரியும் பிளைவுட் பெட்டியும் வேண்டாம். மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிக்கும், ஈரமும் சேர்ந்தால் குண்டு மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அட்டைப்பெட்டியும் அதே கதிதான். ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா அல்லது எவர்சில்வர் தூக்கு, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 100 கிராம். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் லேசான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம், அந்த வாணலியை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறை நிறத்தைப் பாருங்கள். ஒரு டின் முடியும் வரை அடுத்ததைத் திறக்க வேண்டாம். திறந்த டின்னின் மூடியில் தேதியும் பேட்ச் எண்ணும் மார்க்கரால் எழுதுங்கள், ஏனென்றால் ஸ்டிக்கர் நம் ஊர் வியர்வைக் கையில் இரண்டு வாரம்கூடத் தாங்காது.